மூட்டுவலிக்கு மூலிகை: எங்கே தொடங்குவது, எதைத் தொடவே கூடாது

மூட்டு வலிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு மூலிகை சொல்வார்கள். ஒருவர் மஞ்சள் என்பார், இன்னொருவர் முடக்கத்தான் என்பார், மூன்றாமவர் பெயரே தெரியாத ஒரு வேர்ப்பொடியை டப்பாவோடு கொண்டுவந்து கொடுப்பார். "உங்களுக்கு இருப்பது எந்த வகை மூட்டு நோய்?" என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். சில மூட்டு நோய்களில் மூலிகை நல்ல துணை. வேறு சிலவற்றில் மூலிகையை மட்டும் நம்பி ஆறு மாதம் ஓட்டினால், அதற்குள் மூட்டு திரும்பச் சரிசெய்ய முடியாத அளவுக்கு அரிக்கப்பட்டிருக்கும்.

இப்போதுதான் மூலிகைப் பக்கம் வருகிறவர்களுக்காக இதை வரிசையாக எழுதுகிறேன். எந்தப் படியையும் தாண்டிப் போகாதீர்கள், குறிப்பாக முதல் மூன்றை.

முதல் படி: நோயின் பெயர் தெரியட்டும்

மூட்டுவலி நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களில் வரும். பெரும்பாலானவர்களுக்கு இருப்பது மூன்றில் ஒன்று.

முதலாவது தேய்மானம். முழங்கால், இடுப்பு, விரல் நுனி மூட்டுகளில் வயதோடு வருவது. நடந்தால் வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். காலையில் எழுந்ததும் விறைப்பு இருக்கும், ஆனால் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும்.

இரண்டாவது முடக்குவாதம். உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்ளுறையைத் தாக்குவதால் வருவது. இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி, சின்னச் சின்ன மூட்டுகள் வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். அசதி, லேசான காய்ச்சல், எடைக் குறைவு கூடவே வரலாம். வயதானவர்களுக்குத்தான் வரும் என்பது தவறு, முப்பது வயதிலும் வரும்.

மூன்றாவது கௌட். இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, மூட்டுக்குள் ஊசி போன்ற படிகங்களாகப் படிவதால் வருவது. பெரும்பாலும் கால் பெருவிரலில், நள்ளிரவில், போர்வை பட்டாலே உயிர் போகும் அளவுக்கு வலியோடு தொடங்கும்.

மூன்றையும் பிரித்துச் சொல்லச் சில எளிய பரிசோதனைகள் இருக்கின்றன. ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி இரண்டும் முடக்குவாதத்தை அடையாளம் காண உதவும். யூரிக் அமிலமும் ஓர் எக்ஸ்ரேயும் சேர்த்தால் மருத்துவருக்குப் பெரும்பாலும் படம் தெளிவாகிவிடும். மூலிகை தொடங்குவதற்கு முன்பே இவற்றை எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால், குறைந்தது மருந்தாலா, மூலிகையாலா, தானாகவா என்று சொல்ல முடியாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், முடக்குவாதத்தில் எலும்பு அரிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அந்த அரிப்பைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்டவை மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள். மஞ்சளோ இஞ்சியோ அதைத் தடுத்ததாக உறுதியான ஆதாரம் கிடையாது. வலி குறைவது வேறு, மூட்டு காப்பாற்றப்படுவது வேறு. கௌட்டிலும் இதே கதைதான்: யூரிக் அமிலத்தை டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருந்தால்தான் படிகங்கள் கரையும். வலியை மட்டும் அடக்கினால் படிகங்கள் உள்ளேயே இருக்கும்.

தேய்மானம்தான் மூலிகைக்கு அதிக இடம் தரும் நோய். அங்கே நவீன மருத்துவத்திலும் தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும் மாத்திரை இல்லை. வலியைக் குறைத்து நடமாட்டத்தைக் காப்பதுதான் நோக்கம். அந்த வேலையில் சில செடிகள் உண்மையாகவே உதவுகின்றன.

இரண்டாம் படி: காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கி, சிவந்து, கொதித்து, கூடவே காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில நாள் தாமதம்கூட மூட்டை அழித்துவிடும். பற்றுப் போட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

விழுந்து அடிபட்ட பிறகு கால் ஊன்ற முடியாமல் போவது, கை கால் மரத்துப் பலம் குறைவது, குழந்தைக்கு வாரக்கணக்கில் மூட்டு வீங்கியிருப்பது, இவையும் மூலிகைக்கான நேரம் அல்ல.

மூன்றாம் படி: சாப்பிடும் மருந்துகளை எழுதி வையுங்கள்

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் எதையாவது எடுக்கிறீர்களா? மஞ்சள் சாறு மாத்திரை, அதிக அளவு இஞ்சி, வில்லோ மரத்தின் பட்டை ஆகியவை இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டலாம். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சில மூலிகைகள் சர்க்கரையை மேலும் இறக்கிவிடும். மெத்தோட்ரெக்ஸேட், லெஃப்லுனோமைடு போன்ற முடக்குவாத மருந்துகள் எடுப்பவர்களின் கல்லீரல் ஏற்கெனவே கண்காணிப்பில் இருக்கிறது. அதன்மேல் இன்னொரு சுமையை மருத்துவருக்குத் தெரியாமல் ஏற்றக் கூடாது.

மிளகையும் சொல்ல வேண்டும். மஞ்சள் மாத்திரைகளில் மிளகுச் சத்தான பைப்பரினைச் சேர்ப்பது வழக்கம். மஞ்சளில் வேலை செய்யும் பொருளான குர்குமினைக் குடல் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சுகிறது. 1998இல் வெளியான ஒரு பெங்களூர் ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது இரத்தத்தில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. எல்லோரும் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் அதே பைப்பரின் ஃபெனிட்டாயின் (வலிப்பு), புரோப்ரனலால் (இரத்த அழுத்தம்), தியோஃபிலின் (ஆஸ்துமா) போன்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் கூட்டும். வலிப்புக்கு மருந்து எடுப்பவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. சமையலில் போடும் மிளகைப் பற்றி நான் சொல்லவில்லை, மாத்திரையில் செறிவாக வரும் பைப்பரினைச் சொல்கிறேன்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் செறிவூட்டிய மூலிகை மாத்திரைகளைத் தவிர்ப்பது நல்லது. அறுவை சிகிச்சை வருகிறது என்றால் இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்துங்கள், நிறுத்தியதை மயக்க மருத்துவரிடமும் சொல்லுங்கள். மஞ்சள் மாத்திரைக்கு இன்னும் இரண்டு தடைகள் உண்டு: பித்தப்பைக் கல், ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல்.

நான்காம் படி: வெளியிலிருந்து தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை எப்போதும் தோலின்மேல் போடுவதுதான். கல்லீரலுக்கும் வயிற்றுக்கும் சுமை இல்லை, சரிப்படவில்லை என்றால் கழுவிவிடலாம்.

நொச்சி இலை ஒத்தடம் நல்ல தொடக்கம். ஒரு கைப்பிடி நொச்சி இலையைக் காம்பு நீக்கி எடுத்துக்கொள்ளுங்கள். வாணலியில் ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டு, சிறு தீயில் இலை வதங்கும்வரை புரட்டுங்கள். பச்சை நிறம் கருத்து, அந்தக் காரமான மணம் எழும்பும்போது இறக்கிவிடலாம், கருகவிட வேண்டாம். பருத்தித் துணியில் முடிச்சாகக் கட்டி, முதலில் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். அங்கே பத்து நொடி சுகமாக வைத்திருக்க முடிந்தால்தான் மூட்டுக்குப் போக வேண்டும். பிறகு மூட்டைச் சுற்றிலும் அழுத்தி எடுத்து, அழுத்தி எடுத்து, பதினைந்து இருபது நிமிடம். ஆறினால் வாணலியில் மீண்டும் சூடு காட்டலாம்.

இதில் கிடைக்கும் பலன் எவ்வளவு நொச்சியால், எவ்வளவு சூட்டால்? நேர்மையாகச் சொன்னால், நொச்சியில் அழற்சியைக் குறைக்கும் பொருட்கள் இருப்பதை விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, மனிதர்களிடம் நடந்த நல்ல ஆய்வுகள் மிகக் குறைவு. ஆனால் சூடு விறைத்த தசையைத் தளர்த்துவது உறுதி. அதனால் இதைத் தயங்காமல் செய்யலாம், இரண்டு நிபந்தனைகளோடு. நீண்டநாள் சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துபோகும். அவர்களுக்கு ஒத்தடத்தை வேறொருவர் சரிபார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று, சிவந்து கொதிக்கும் மூட்டின்மேல் சூடு வைக்கக் கூடாது. கௌட் தாக்கும் நேரத்தில் ஐஸ்தான் ஆறுதல் தரும்.

அடுத்தது மிளகாய். வெளிப்பூச்சுகளில் ஆதாரம் உறுதியாக இருப்பது இதற்குத்தான். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தோலில் உள்ள வலி நரம்புகளில் ஒரு குறிப்பிட்ட வாயிலைத் திறக்கிறது. திரும்பத் திரும்பத் தடவும்போது அந்த நரம்பு முனைகள் ஓய்ந்துபோய், வலிச் செய்தி அனுப்புவதைக் குறைத்துக்கொள்கின்றன. அந்த வாயிலை டேவிட் ஜூலியஸ் கண்டறிந்தார், அதற்காக 2021இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

மருந்துக்கடையில் 0.025 முதல் 0.075 சதவீதம் வரையான கேப்சைசின் கிரீம் கிடைக்கும். முழங்காலுக்கும் கைவிரல்களுக்கும் ஏற்றது. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே எட்டாது. நாளுக்கு மூன்று நான்கு முறை, பட்டாணி அளவு எடுத்து, தோலில் மறையும்வரை தேய்க்க வேண்டும். முதல் வாரம் எரியும். நிறையப் பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அந்த எரிச்சல் நாளாக ஆகக் குறையும், முழுப் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தடவியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கைவிரலுக்கே தடவினால் அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். கண்ணைத் தொட்டுவிடாதீர்கள். தடவிய இடத்தில் ஒத்தடமோ கட்டோ வேண்டாம். வீட்டில் மிளகாயை அரைத்துப் போடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அளவு தெரியாத காரத்தால் தோல் கொப்புளித்துவிடும்.

ஆர்னிகா என்ற ஐரோப்பிய மலைச்செடியின் ஜெல்லும் கைவிரல் தேய்மானத்துக்கு நல்லது. 2007இல் வெளியான, 204 பேரிடம் நடந்த ஆய்வில் அது இபுப்ரோஃபென் என்ற வலிமருந்து ஜெல்லுக்குக் குறையாமல் வேலை செய்தது. செடிச்சாறு சேர்ந்த ஜெல்லாக இருக்க வேண்டும், வெடிப்போ புண்ணோ இல்லாத தோலில் மட்டும் போட வேண்டும். ஆர்னிகாச் செடியின் சாற்றை உள்ளே சாப்பிடக் கூடாது, அது நஞ்சு.

முடக்கத்தான் இலையையும் வதக்கிப் பற்றுப் போடலாம். பெயரிலேயே முடக்கத்தை அறுப்பது என்று வந்துவிட்டதால் இதன்மேல் எதிர்பார்ப்பு அதிகம். ஆய்வகத்தில் நம்பிக்கை தரும் முடிவுகள் இருக்கின்றன, மனிதர்களிடம் போதுமான ஆய்வு இல்லை. வதக்கிப் போடுவதால் கெடுதல் இல்லை, ஒவ்வாமை வந்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள்.

ஐந்தாம் படி: உள்ளே சாப்பிடுவது, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்

பத்து மூலிகை கலந்த சூரணத்தில் தொடங்காதீர்கள். நல்லது நடந்தால் எதனால் என்று தெரியாது, கெட்டது நடந்தாலும் தெரியாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு எட்டு வாரம் கொடுங்கள். எனக்கு இந்த வரிசை சரியாகப் படுகிறது.

தேய்மானத்துக்கு முதலில் மஞ்சள். தாய்லாந்தில் 367 முழங்கால் தேய்மான நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. பாதிப்பேருக்கு நாளுக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, மீதிப்பேருக்கு 1200 மில்லிகிராம் இபுப்ரோஃபென், நான்கு வாரம். வலியும் நடமாட்டமும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறின, மஞ்சள் எடுத்தவர்களுக்கு வயிற்று உபாதை குறைவு. வயிற்றுப் புண் வரலாறு உள்ள தேய்மானக்காரர்களுக்கு இது முக்கியமான செய்தி.

ஆனால் அந்த 1500 மில்லிகிராம் என்பது சாறு, அதாவது மஞ்சளிலிருந்து செறிவாகப் பிரித்தெடுத்த சத்து, சமையல் மஞ்சள் அல்ல. மஞ்சள் தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். ஒரு டீஸ்பூன் தூள் சுமார் 3 கிராம் என்றால், அதில் கிடைப்பது 100 மில்லிகிராமுக்கும் குறைவு. பாலிலோ வெந்நீரிலோ ஒரு சிட்டிகை போட்டுக் குடிப்பது நல்ல பழக்கம்தான், அதிலிருந்து முழங்கால் வலிக்கு மருந்தளவு எதிர்பார்க்க முடியாது. மருந்தளவு வேண்டுமென்றால் தரமான மாத்திரைக்குப் போக வேண்டும், போனால் அதை மருந்தாகவே மதிக்க வேண்டும். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளை 2019இல் இத்தாலியும் 2023இல் ஆஸ்திரேலியாவும் கவனித்து எச்சரித்தன. அரிதானதுதான். ஆனாலும் சிறுநீர் அடர் மஞ்சளாவது, கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாவது, குமட்டல், வழக்கத்துக்கு மாறான அரிப்பு, இதில் எது வந்தாலும் அன்றே நிறுத்தி, கல்லீரல் பரிசோதனை எடுங்கள்.

இரண்டாவது குந்திரிக்கம். தூபத்துக்குப் போடும் அதே மரப்பிசின் குடும்பம். இதில் உள்ள பாஸ்வெல்லிக் அமிலங்கள் அழற்சியைத் தூண்டும் லுக்கோட்ரையீன்கள் உருவாவதைத் தடுக்கின்றன. வலி மாத்திரைகள் பெரும்பாலும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேறொரு பாதையை அடைப்பவை, வயிற்றுப் புண் வருவதும் அந்தப் பாதையை அடைப்பதால்தான். குந்திரிக்கம் வயிற்றுக்கு ஓரளவு மென்மையாக இருப்பதற்கு இந்த வேறுபாடு ஒரு காரணம். 2014இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடுவது), தேய்மானத்துக்கான உள்மருந்து மூலிகைகளில் இதற்குத்தான் சற்று நல்ல சான்று தந்தது: நாளுக்கு 100 மில்லிகிராம் செறிவூட்டிய சாறு 90 நாள் எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட, நூறு புள்ளி வலி அளவையில் 17 புள்ளி குறைந்தது. ஆய்வுகள் சிறியவை, அதையும் மறக்கக் கூடாது. உணவோடு, கொஞ்சம் கொழுப்பு இருக்கும் வேளையில் எடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும். நெஞ்செரிச்சலோ வயிற்றுப்போக்கோ சிலருக்கு வரும். தூபப் பிசினை வீட்டில் பொடித்துச் சாப்பிட வேண்டாம், அது உண்ணும் தரத்தில் விற்கப்படுவது அல்ல.

மூன்றாவது இஞ்சி, அல்லது சுக்கு. பலன் மிதமானது, ஆனால் எளிதில் கிடைப்பது. ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை கொடுத்திருக்கிறார்கள். அரை டீஸ்பூன் சுக்குப்பொடி ஏறக்குறைய ஒரு கிராம் வரும். மஞ்சளைப் போல எட்டாத அளவு அல்ல, சமையலறையிலிருந்தே முடியும். இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒரு டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து வடிகட்டி, சாப்பாட்டுக்குப் பிறகு குடியுங்கள். வெறும் வயிற்றில் குடித்தால் எரியும்.

வில்லோ பட்டைக்குத் தனி வரலாறு உண்டு. எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1763இல் அதன் பொடியைக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்து லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்தப் பட்டையின் சாலிசின் வழியாகத் தொடங்கிய ஆராய்ச்சிதான் 1897இல் தூய ஆஸ்பிரினில் வந்து நின்றது. முதுகுவலிக்கு ஓரளவு உதவுகிறது, மூட்டுவலியில் முடிவுகள் கலவையானவை. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், வயிற்றுப் புண் உள்ளவர்கள், குழந்தைகள் இதைத் தொடக் கூடாது. செடி என்பதால் மென்மையானது என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு இந்தப் பட்டையே சாட்சி.

ஆறாம் படி: ஒரு நோட்டு போடுங்கள்

மூட்டுவலி தானாகவே ஏறி இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் எல்லோரும் புது மருந்து தொடங்குவார்கள். உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறங்கும், பெயர் மருந்துக்குப் போய்விடும். இதிலிருந்து தப்பிக்க எழுதி வைப்பது ஒன்றுதான் வழி.

மூலிகை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே எழுத ஆரம்பியுங்கள். தினமும் இரவு நான்கு விவரம் போதும்: வலி பத்துக்கு எத்தனை, காலை விறைப்பு எத்தனை நிமிடம், வலி மாத்திரை எத்தனை எடுத்தீர்கள், உங்களுக்கு முக்கியமான ஒரு வேலை முடிந்ததா. அந்த வேலையை நீங்களே தேர்ந்தெடுங்கள். மாடிப்படி ஏறுவது, தரையிலிருந்து எழுவது, பாட்டில் மூடி திறப்பது, எதுவாகவும் இருக்கலாம். வலி எண்ணைவிட இந்த நான்காவது விவரம் அதிகம் பேசும். வலி 6 என்றே இருக்கும், ஆனால் இரண்டு மாதமாகப் படி ஏற முடிகிறது என்றால் அது முன்னேற்றம்தான்.

எட்டு வாரம் முடிந்ததும் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெளிவான வித்தியாசம் இல்லையென்றால் நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று நீட்டிக்க வேண்டாம். வித்தியாசம் இருந்தால் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வலி திரும்பினால் மூலிகை வேலை செய்தது என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம்.

முடக்குவாதம் உள்ளவர்கள் தங்கள் மருந்தோடு மூலிகையைச் சேர்க்கும்போது நோட்டு மட்டும் போதாது. சிஆர்பியையும் கல்லீரல் அளவுகளையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏழாம் படி: வாங்கும்போது கண் திறந்திருக்கட்டும்

இந்தப் பகுதியை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வலியில் இருப்பவரை ஏமாற்றுவது சுலபம், அதைத் தொழிலாகவே செய்பவர்கள் இருக்கிறார்கள்.

மூட்டுவலிக்கென்று விற்கப்படும் பெயர் தெரியாத பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பது நடந்துகொண்டே இருக்கிறது. 2022இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு மூட்டுவலி சப்ளிமென்டைப் பற்றி எச்சரித்தது. லேபிளில் இல்லாத டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்தும் அதில் இருந்தன. கலப்படத்தைச் சந்தேகிக்க ஓர் எளிய வழி உண்டு: உண்மையான மூலிகை இரண்டே நாளில் வலியை முழுதாகத் துடைத்து எடுக்காது. ஒரு பொடி அப்படிச் செய்தால், கூடவே பசி கூடி, முகம் உருண்டையாகி, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறினால், உள்ளே ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்போது செய்யக்கூடாத ஒன்று உண்டு. பல வாரம் சாப்பிட்ட பிறகு அந்தப் பொடியைத் திடீரென நீங்களாக நிறுத்தாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் உடலின் அட்ரினல் சுரப்பி தன் உற்பத்தியைக் குறைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழலாம். பொடியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள், எப்படிக் குறைப்பது என்பதை அவர் சொல்வார்.

உலோகக் கலப்பு அடுத்த கவலை. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. மஞ்சள் தூளுக்கு நிறம் கூட்ட ஈயக் குரோமேட் சேர்க்கப்படுவதை 2019இல் வெளியான ஒரு வங்கதேச ஆய்வு வெளிக்கொண்டு வந்தது. அதனால் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தை நல்ல தரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டப்பாவில் செடியின் தாவரப் பெயர், எந்தப் பாகம், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம், தொகுதி எண், காலாவதித் தேதி, தயாரிப்பு உரிமம், இவை இருக்க வேண்டும். உலோகச் சோதனை அறிக்கை கேட்டால் தரும் நிறுவனமாக இருந்தால் இன்னும் நல்லது. "மூட்டுவலியை வேரோடு ஒழிக்கும்" என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரியே திருப்பி வைக்கப் போதுமான காரணம்.

தொடக் கூடாதவை

செங்காந்தள் கிழங்கு. அதில் உள்ள கோல்ச்சிசின் கௌட்டுக்கு உண்மையான மருந்துதான், மாத்திரையாக மில்லிகிராமுக்கும் குறைவான அளவில் அளந்து கொடுக்கப்படுகிறது. கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிறு துண்டே கடும் வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி உள்ளுறுப்புகளைச் செயலிழக்கச் செய்து உயிரைக் குடித்திருக்கிறது. வீட்டு வைத்தியமாக இதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சீந்திலை முடக்குவாதக்காரர்கள் தாங்களாகத் தொடங்கக் கூடாது. நோய் எதிர்ப்பைத் தூண்டும் என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள், இந்த நோயிலோ எதிர்ப்பு சக்திதான் தவறாக ஓடிக்கொண்டிருக்கிறது. கொரோனாக் காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த விவாதம் எப்படிப் போனாலும், ஏற்கெனவே கல்லீரலுக்குச் சுமை தரும் மருந்து எடுப்பவர்கள் விலகி இருப்பதே நல்லது. அமுக்கராவுக்கும் (அஸ்வகந்தா) இதே எச்சரிக்கை பொருந்தும், தைராய்டு பிரச்சினை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாக.

எருக்கம்பாலை மூட்டில் தடவுவதை விட்டுவிடுங்கள். தோல் வெந்து கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் கருவிழியே பாதிக்கப்படும்.

சீன மருத்துவத்தில் முடக்குவாதத்துக்குப் பயன்படும் இடிக்கடவுள் கொடி (தண்டர் காட் வைன்) என்ற செடி, ஆய்வுகளில் சல்ஃபாசலசின் என்ற முடக்குவாத மருந்தை விடவும் நன்றாக வேலை செய்திருக்கிறது. செடியால் எவ்வளவு முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம். அதே செடி ஆண், பெண் இருவரின் கருவுறும் திறனையும் கெடுக்கும், இலையும் பூவும் நேரடி நஞ்சு. இணையத்தில் வாங்கிச் சாப்பிடும் பொருள் அல்ல.

மூலிகையோடு கூடவே நடக்க வேண்டியது

முழங்கால் தேய்மானத்தில் எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. தொடைத் தசை பலமானால் மூட்டுக்குத் தாங்கல் கிடைக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து நொடி நிறுத்தி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். ஒத்தடம் கொடுத்த சூட்டோடு இதைச் செய்தால் விறைப்பு குறைவாக இருக்கும். நான் படித்த எந்த மூலிகையும் இந்தப் பயிற்சிக்கு மாற்றாக வரவில்லை, ஆனால் வலியைக் கொஞ்சம் தணித்து இதைச் செய்ய வைக்கும் மூலிகைகள் இருக்கின்றன. அவற்றைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மூலிகை டப்பாவையும் நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். அவர் அதை ஒதுக்கினால் ஏன் என்று கேளுங்கள், தொடரலாம் என்றால் எந்தப் பரிசோதனையை எப்போது எடுக்க வேண்டும் என்று தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.